மறுமொழி: 'கார்னி கெக்' – தமிழில் எப்படிச் சொல்வது?

> அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் காய்ச்சுவோரைப் பற்றிய கட்டுரை. பீரை அழுத்தத்தில் அடைத்து வைத்து ஊற்றும் 'கார்னி கெக்' பத்திக்குப் பத்தி வருகிறது. இழையில் இதுவரை வந்தவை: சிறு பீப்பாய், மிடா, அழுத்தக் கலன். எதை எடுக்கலாம்?

அன்புடையீர்,

பீப்பாய் வேண்டாம். போர்ச்சுகீசியர் வழியாக வந்த சொல் என்பதால் அல்ல. சாவியும் சன்னலும்கூட அவர்கள் தந்தவைதாம். பீப்பாய் என்றதும் நடுவில் வயிறு பெருத்த மரக்கலமோ தார் டின்னோ கண்முன் வந்துவிடுகிறது. நாம் பெயர் தேடும் பொருளோ ஒல்லியான எஃகு உருளை. ஐந்து அமெரிக்க கேலன், அதாவது ஏறக்குறைய 19 லிட்டர் பிடிக்கும். மேலே முட்டை வடிவ வாய். மூடியை அதனுள் சாய்த்து நுழைத்து, உள்ளிருந்து மேல்நோக்கி இழுத்துப் பொருத்த வேண்டும். உள்ளே அழுத்தம் ஏற ஏற மூடி இன்னும் இறுகும்.

மிடா எனக்கும் ஆசை காட்டிய சொல்தான். மொடாக்குடியர் புண்ணியத்தில் பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் அது வாயகன்ற மண்பாண்டம். அழுத்தக் கலன் தவறில்லை, ஆனால் கொதிகலன் முதல் குக்கர் வரை எல்லாவற்றுக்கும் பொருந்தும். அவ்வளவு அகன்ற சொல் இந்த ஒன்றைச் சுட்டாது.

என் பரிந்துரை: பாகுக்கலன்.

இந்தக் கலன் பீருக்காகப் பிறந்ததல்ல. உணவகங்களில் கோக், பெப்சி வகைப் பானங்களுக்கான இனிப்புப் பாகு இதில்தான் வந்து இறங்கியது. செய்து தந்தவற்றுள் மினசோட்டா மாநிலத்துக் கொர்னேலியஸ் நிறுவனத்தின் பெயரே சுருங்கிக் 'கார்னி' ஆனது. பிறகு பாகு அட்டைப்பெட்டிக்குள் பிளாஸ்டிக் பையில் வரத் தொடங்கியதும் எஃகுக் கலன்கள் வேலையிழந்து மலிவு விலைக்கு வந்தன. 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வீட்டுப் பீருக்குக் கூட்டரசு அளவில் ஏற்கெனவே வழி திறந்திருந்தது (அலபாமாவும் மிசிசிப்பியும் மட்டும் 2013 வரை பிடிவாதம் பிடித்தன). வேண்டுவோரும் விற்போரும் சந்தித்துக்கொண்டார்கள். பெயரில் பாகு இருந்தால் இந்தக் கதையும் கூடவே வரும்.

மதுவாலைகள் அனுப்பும் பெரிய கெக் வேறு பொருள் என்பதைக் கட்டுரையாளர் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் வழக்கமான அளவு 15.5 கேலன். அதற்கு ஒரே வாய். குழல் நடுவே இறங்கும். தனிக் கருவியில்லாமல் திறந்து கழுவ முடியாது. பெரும்பாலும் அது ஆலையின் சொத்து. வைப்புத்தொகை கட்டி எடுத்துவந்தவர் அதை அறுத்துப் பீர் காய்ச்சும் பாத்திரமாக்கினால் அது திருட்டுதான். ஆலையின் அந்தப் பெரிய கெக்கைப் பீர்க்கலன் என்போம். பாகுக்கலனோ கை உள்ளே போகுமளவு திறக்கும். வீட்டில் காய்ச்சுபவர் அதை விரும்புவதற்கு அதுவே பாதிக் காரணம்.

மீதிப் பாதி வளியேற்றம், அதாவது பீரில் கரியமில வாயுவைக் கரைத்து நுரைக்க வைப்பது. புட்டி வழியில் ஐம்பது புட்டிகளைக் கழுவி, அளந்து சர்க்கரை சேர்த்து, நொதி (ஈஸ்ட்) வேலைசெய்ய இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். கலனில் கரியமில வாயு உருளையை இணைத்து, பீரை 3 பாகை செல்சியஸில் வைத்து, சதுர அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பவுண்டு அழுத்தம் கொடுத்தால் ஒரு வாரத்தில் நுரை தயார். இதற்கு 'கட்டாயக் கார்பனேற்றம்' என்று ஒருவர் முன்மொழிந்திருக்கிறார். கட்டாயத் திருமணம்தான் நினைவுக்கு வருகிறது. புட்டி வழி நொதி வளியேற்றம், கலன் வழி அழுத்த வளியேற்றம் என்றால் போதாதா?

வாயுக் குழாயையும் பீர்க் குழாயையும் கலனின் முனைகளில் மாட்டும் இணைப்புகள் இருவகை. பெப்சிக்காரர்கள் பயன்படுத்தியதில் இணைப்பியின் உள்ளேயுள்ள சிறு குண்டுகள் கவ்விப் பிடிக்கும்: குண்டுப்பூட்டு. கோக் கலன்களில் முனையிலிருந்து முளைகள் நீட்டிக்கொண்டிருக்கும்: முளைப்பூட்டு. வாயு முனைக்கு இரண்டு முளை, நீர்ம முனைக்கு மூன்று; மாற்றிச் செருக முடியாது. ஒன்றின் இணைப்பி மற்றொன்றுக்குப் பொருந்தாது என்பதால் இந்த இரு சொற்களும் கட்டுரைக்கு அவசியம். நீர்ம முனையிலிருந்து அடிவரை இறங்கும் குழாயை அடிக்குழல் எனலாம்.

---

> பாகுக்கலன் என்றால் வெல்லப்பாகு வைக்கும் பாத்திரம் என்று நினைப்பார்கள். இப்போது பீருக்கென்றே புதிதாகவும் செய்கிறார்களே, ஐயா? பாகே காணாத கலனுக்குப் பாகுப் பெயர் எதற்கு?

அம்மா, புதிதாகச் செய்தாலும் வடிவம், வாய், பூட்டு எல்லாம் பழையபடியேதான். எள்ளைக் காணாத எண்ணெய்களையும் எண்ணெய் என்றுதானே சொல்கிறோம்? அமெரிக்கர்களிலும் பலர் இதைச் 'சோடா கெக்' என்றே இன்னும் சொல்கிறார்கள். வெல்லப்பாகுக் குழப்பம் உண்மைதான். முதல் முறை 'குளிர்பானப் பாகுக்கலன்' என்று முழுதாக எழுதி, பிறகு சுருக்கிக்கொள்ளலாம். குளிர்பானக் கலன் என்று மட்டும் சொல்ல நான் தயங்குவதற்குக் காரணம், ஐஸ் போட்டுப் பானம் வைக்கும் பெட்டி என்று அது பொருள்படும்.

பாகு பெயரில் இருப்பதால் நடைமுறைப் பயனும் உண்டு. பழைய கலன் வாங்குபவர் முதலில் செய்ய வேண்டியது ரப்பர் வளையங்களை மாற்றுவது. முந்தைய பானத்தின் மணம் எஃகில் தங்காது, ரப்பரில் ஊறிவிடும். ரூட் பீர் என்னும் குளிர்பானம் இருந்த கலனை வளையம் மாற்றாமல் நிரப்பினால் எந்தப் பீரிலும் அந்த மணம் எட்டிப்பார்க்கும். பழைய பிளாஸ்டிக் குழாய்களுக்கும் இதே கதிதான். மூடியைத் திறக்குமுன் உள்ளழுத்தத்தை முழுதாக வெளியேற்ற வேண்டும் என்பதையும் கட்டுரையில் சேர்த்துவிடுங்கள். குண்டுப்பூட்டுக் கலன்களின் மூடியில் அதற்கென இழுக்கும் வளையமுள்ள வால்வு இருக்கும். முளைப்பூட்டில் பல சமயம் இருக்காது.

இன்னொன்று தீராமல் இருக்கிறது. உணவகச் சோடா இயந்திரத்தின் அடியில், ஐஸுக்குக் கீழே கிடக்கும் அலுமினியத் தகட்டினுள் எஃகுக் குழல் சுருண்டு ஓடும். அதைக் கழற்றி ஐஸ் பெட்டிக்குள் வைத்து, பெட்டியின் பக்கவாட்டில் குழாய் பொருத்திவிட்டால் வெயிலிலும் குளிர்ந்த பீர் வரும். தகட்டுக்குக் குளிர்தகடு சரியாக இருக்கிறது. பெட்டியை அவர்கள் 'ஜாக்கி பாக்ஸ்' என்கிறார்கள். ஐஸ்பெட்டி என்றால் குழாய் விடுபடுகிறது, குழாய்ப்பெட்டி என்றால் ஐஸ் விடுபடுகிறது. யாரிடமாவது சொல் இருக்கிறதா?