ஹோம்ல பக்கத்து பெட் பாட்டி அம்மாவ அடிச்சுட்டாங்க, என்ன பண்றது?

வேளச்சேரி மக:
தாம்பரம் பக்கம் ஒரு முதியோர் ஹோம்ல அம்மாவ விட்டிருக்கோம், 78 வயசு, நடக்க முடியாது ஆனா ஞாபகமெல்லாம் தெளிவு. ரூம்ல கூட இருக்கற பாட்டிக்கு டிமென்ஷியா, அதான் மறதி நோய். சாயங்காலமானா "இது என் கட்டில், எழுந்திரு"ன்னு வந்து நிக்கறாங்களாம், போன வாரம் டம்ளரால அடிச்சு அம்மா கையில ரத்தம் கட்டிப்போச்சு. மேனேஜர கேட்டா வயசானவங்க அப்படித்தாம்மா, அந்தம்மாவுக்கு தூங்க மாத்திரை போட்டுடலாம்ங்கறார். போலீஸ்ல சொல்லவா, ஹோம மாத்தவா?

பழைய அட்டெண்டர்:
அடி விழறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு கேளுங்க மேடம், அதான் முக்கியம். பொழுது சாயற நேரம் அவங்களுக்கு குழப்பம் ஜாஸ்தி ஆகும், எங்க டூட்டி மாறறதும் அப்பதான், ரூம்ல ஆளே இருக்காது. அந்த ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஆள நிக்க வைக்கச் சொல்லுங்க. அந்த பாட்டி கட்டில்ல அவங்க போட்டோவ ஒட்டி அவங்க பழைய புடவைய விரிச்சு வச்சா அடையாளம் தெரியும். சண்டைன்னா பின்னாடி போய் கைய புடிச்சு இழுக்கக் கூடாது, இன்னும் மிரளுவாங்க, முன்னாடி வந்து மெதுவா பேசி காபி குடிக்கலாம் வாங்கன்னு கூட்டிட்டு போகணும்.

டாக்டர் அண்ணா நகர்:
திடீர்னு ஆரம்பிச்சதுன்னா யூரின் இன்ஃபெக்‌ஷன், மலச்சிக்கல், வலி இதெல்லாம் பார்க்கணும், அவங்களுக்கு வாய்விட்டு சொல்லத் தெரியாது. தூங்க மாத்திரைன்னு பல இடத்துல குடுக்கறது ஆன்டிசைக்காட்டிக், அதாவது மனநோய்க்கான மருந்து. டிமென்ஷியா உள்ள முதியவங்களுக்கு அது மரண ஆபத்த கூட்டும்னு அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2005லயே எச்சரிச்சாச்சு. டாக்டர் பார்க்காம மேனேஜர் முடிவு பண்ற விஷயமே இல்ல.

குரோம்பேட்டை குமார்:
நான் எதிர்க்கட்சி, அடிச்சவரோட பையன் 🙂 அப்பா ரயில்வே, சாயங்காலமானா டூட்டிக்கு கிளம்புவார், குறுக்க யார் நின்னாலும் தள்ளுவார். ஒரு ஆயாம்மாதான் பழைய ரிஜிஸ்டரும் பேனாவும் குடுத்து வாசல்ல உக்கார வச்சாங்க, தள்றது நல்லாவே குறைஞ்சுது. அந்த பாட்டி வீட்டு ஆளுங்ககிட்ட ஒரு தடவ பேசிப் பாருங்க, அவங்களுக்கு ஹோம்காரங்க சொல்லியே இருக்க மாட்டாங்க.

மயிலாப்பூர் மாமி:
ஹோம மாத்தினா மட்டும்? 2016ல வெளிவந்த, நியூயார்க் மாநிலத்துல 10 ஹோம்ல எடுத்த ஆய்வுல நாலே வாரத்துல அஞ்சுல ஒருத்தர் இப்படி எதுலயாவது மாட்டியிருக்காங்க, திட்டறது, ரூமுக்குள்ள நுழையறது எல்லாம் சேர்த்துதான். அதனால நடந்தத தேதி நேரத்தோட எழுதிக் குடுங்க, காயத்த போட்டோ எடுங்க, உடனே வேற ரூம் கேளுங்க. அசைஞ்சு குடுக்கலன்னா முதியோர் ஹெல்ப்லைன் 14567, காசு கிடையாது. டிமென்ஷியா வந்த பாட்டி மேல போலீஸ் கேஸ் போட்டு என்ன ஆகப்போகுது, கவனிக்காத ஹோமத்தான் கேக்கணும்.

வேளச்சேரி மக:
அந்த பாட்டியோட பொண்ணு நம்பர் வாங்கிட்டேன். எழுதிக் குடுக்கறேன்னதும் மேனேஜர் ரூம் பார்க்கறேன்ங்கறார், வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடுத்திருக்கேன்.