வெள்ளி நானோ துகள் ராமன் சோதனை: மருந்தே இல்லாத சாம்பிளிலும் 1380 பீக் வருகிறது, உதவுங்கள்

காவேரிப்பட்டணம் மாணவி

வணக்கம். எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீட்டில் மூன்று ஏக்கர் பெங்களூரா மா. கூழ் ஆலைக்குக் காய் போகும் நேரத்தில் மருந்து மிச்சம் இருக்கிறதா என்ற பேச்சு வரும். அதை நாமே பார்த்துக்கொள்ள வழியே இல்லையா என்று அப்பா கேட்டதால்தான் இந்த ப்ராஜெக்டை எடுத்தேன். மாங்காய்த் தோலில் தைரம் என்ற பூஞ்சைக்கொல்லி இருந்தால், வெள்ளி நானோ துகளோடு கலந்து ராமன் கருவியில் (லேசர் பட்டுச் சிதறும் ஒளியை வைத்து மூலக்கூறை அடையாளம் காட்டுவது) கண்டுபிடிக்க வேண்டும்.

கொலாய்டு, அதாவது வெள்ளித் துகள்கள் மிதக்கும் நீர், தயாரித்தது லீ, மெய்சல் இருவரும் 1982-இல் வெளியிட்ட முறையில். 500 மில்லி தண்ணீருக்கு 90 மி.கி. சில்வர் நைட்ரேட், கொதி வந்ததும் 1% சோடியம் சிட்ரேட் 10 மில்லி, அப்புறம் ஒரு மணி நேரம் கொதி. நான் எல்லாவற்றையும் ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு தடவை சில்வர் நைட்ரேட் போட்ட உடனே பால் போலக் கலங்கியது. கடைசியில் சாம்பல் நிறத்தில் அடியில் தங்கிவிட்டது. எங்கள் பக்கத்துத் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம், அதனாலா? மூன்றாவது தடவை பச்சை கலந்த மஞ்சள் வந்தது, எந்த நிற ஒளியை உறிஞ்சுகிறது என்று காட்டும் யு.வி. கருவியில் 420 நானோமீட்டர் பக்கம் பீக் இருக்கிறது.

பெரிய கவலை வேறு. 10 பிபிஎம் தைரத்தோடு கலந்து ஒரு சொட்டைக் கண்ணாடி ஸ்லைடில் வைத்து 785 நானோமீட்டர் லேசரில் பார்த்தால், தைரத்துக்கு வர வேண்டிய 1380 செ.மீ.⁻¹ இடத்தில் பீக் வந்தது. சந்தோஷப்பட்டேன். ஆனால் தைரம் சேர்க்காத ப்ளாங்கிலும் அதே இடத்தில் வருகிறது. கருவி வேறு ஊரில் இருக்கிறது, எனக்கு இன்னும் இரண்டு நாள்தான் நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

ஓசூர் தரக்கட்டுப்பாடு

தண்ணீர் விஷயம் மட்டும் நான் சொல்கிறேன். ஃப்ளோரைடு காரணம் இல்லை, சில்வர் ஃப்ளோரைடு தண்ணீரில் கரையும். பால் போலக் கலங்கியது சில்வர் குளோரைடு. எந்தத் தண்ணீர் பயன்படுத்தினீர்கள், பாத்திரத்தை எப்படிக் கழுவினீர்கள்?

காவேரிப்பட்டணம் மாணவி

முதல் இரண்டு தடவை கேன் தண்ணீர் சார். மூன்றாவது தடவை டிபார்ட்மெண்டில் காய்ச்சி வடித்தது. பாத்திரத்தை இராஜ திராவகத்தில் ஊறவைத்து, போர் தண்ணீரில் அலசினேன்.

ஓசூர் தரக்கட்டுப்பாடு

அதுதான். இராஜ திராவகத்தில் மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம், குளோரைடு அதிலிருந்தும் வரும். தங்கத் துகள் செய்கிறவர்களுக்கு அது சரி. வெள்ளிக்கு நீர்த்த நைட்ரிக் அமிலம் போதும், கடைசி அலசல் கட்டாயம் காய்ச்சி வடித்த நீரில். எந்தத் தண்ணீரையும் சோதனைக் குழாயில் கொஞ்சம் எடுத்து ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டுப் பாருங்கள். கலங்கினால் அதைத் தொடவே வேண்டாம். கொலாய்டைப் பழுப்பு பாட்டிலில் இருட்டில் வையுங்கள், உறைய விடாதீர்கள்.

தருமபுரி ஆய்வு மாணவர்

தங்கச்சி, அந்த 1380 அகலமாக, மேடு போல இருக்கிறதா, ஊசி போல இருக்கிறதா? அகலம் என்றால் அது ஸ்லைடு. 785 லேசர் பட்டால் சாதாரணக் கண்ணாடி 880 நானோமீட்டர் பக்கம் ஒளிரும். ராமன் கணக்கில் அது சரியாக 1380-இல் வந்து விழும். கண்ணாடியை எடுத்துவிட்டு, சமையலறை அலுமினியத் தாளை ஸ்லைடில் சுருக்கமில்லாமல் ஒட்டி, அதன்மேல் சொட்டு விடுங்கள். அதற்கு முன் கருவி சரியாகக் காட்டுகிறதா என்று தெரிய, சிலிக்கான் துண்டை வைத்து அதன் பீக் 520.7-இல் வருகிறதா என்றும் பாருங்கள்.

காவேரிப்பட்டணம் மாணவி

அண்ணா, மேடுதான்! அலுமினியத் தாளில் போய்விட்டது. ஆனால் தைரம் பீக்கும் சேர்ந்தே போய்விட்டது. இப்போது 10 பிபிஎம் சாம்பிளிலும் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. இன்று ஒரு நாள் முடிந்துவிட்டது.

தருமபுரி ஆய்வு மாணவர்

பயப்படாதே, இது நல்ல செய்தி. நீ பார்த்தது தைரமே இல்லை என்று இப்போது தெரிந்துவிட்டது.

உன் யு.வி. பீக் 420-இல் இருக்கிறது, அதாவது துகள்கள் தனித்தனியாக மிதக்கின்றன. லேசர் 785. இரண்டும் சேரவே இல்லை. வெள்ளியின் எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து ஊசலாடும்போதுதான் துகளைச் சுற்றி ஒளிப்புலம் பெருகும். அந்தப் புலம் 10 மடங்கு ஆனால் ராமன் ஒளி ஏறக்குறைய 10,000 மடங்கு ஆகும், நான்காம் அடுக்கில் ஏறுகிற கணக்கு அது. மிக அதிகமாகப் பெருகும் இடம் இரண்டு துகள் நெருங்கி நிற்கிற ஒன்றிரண்டு நானோமீட்டர் இடுக்கு. துகள்கள் கொத்துக் கொத்தாகச் சேர்ந்தால் அவை ஒளியை வாங்கும் இடமும் சிவப்புப் பக்கம் நகரும், 785-க்குப் பிடி கிடைக்கும். 1974-இல் சொரசொரப்பாக்கிய வெள்ளி மின்வாயில் பிரிடின் என்ற சேர்மத்துக்குப் பெரிய ராமன் பீக் கிடைத்தபோது, பரப்பு கூடி அதிக மூலக்கூறு ஒட்டியதுதான் காரணம் என்று நினைத்தார்கள். பரப்பு மட்டும் அவ்வளவு பெருக்கம் தராது என்று 1977-இல் இரண்டு குழுக்கள் காட்டின.

அதனால் துகள்களை நீதான் சேர்த்துவைக்க வேண்டும். 500 மைக்ரோலிட்டர் கலவைக்கு 1 மோலார் சோடியம் குளோரைடு 10 மைக்ரோலிட்டர். வரிசை முக்கியம்: முதலில் கொலாய்டு, அடுத்து தைரம், இரண்டு நிமிடம் பொறு, கடைசியில்தான் உப்பு. உப்பை முதலில் போட்டால் தைரம் வருவதற்குள் இடுக்குகள் மூடிவிடும். மஞ்சள் மங்கி நீலச் சாம்பலாக மாறும்போது அளவெடு. எல்லாச் சாம்பிளுக்கும் உப்பு போட்டதிலிருந்து ஒரே நேரம், நேரம் தவறினால் அடியில் தங்கிவிடும். துகள் உருவாகும்போது கெடுத்த அதே குளோரைடு இப்போது உதவும், குழம்பாதே. ஆனால் சமையல் உப்பு வேண்டாம்.

காவேரிப்பட்டணம் மாணவி

வந்துவிட்டது அண்ணா! ஊசி போல 1380, கூடவே 560 பக்கம் சின்னதாக ஒன்று. 1 பிபிஎம்-இலும் தெரிகிறது. கையெல்லாம் நடுங்கியது.

ஒரு விஷயம் மட்டும் இடிக்கிறது. நான்கு ப்ளாங்கில் ஒன்றில், அலுமினியத் தாளில்தான், 1380-இல் சின்ன ஊசி. இதை விட்டுவிடலாமா?

அரூர் ஓய்வு பெற்ற ஆசிரியர்

விட வேண்டாம் அம்மா. கையுறை போட்டிருந்தாயா? ரப்பர் கையுறையைப் பதப்படுத்தும்போது தைரம் குடும்பத்துச் சேர்மங்களைச் சேர்ப்பது உண்டு. அதில் துளி பிப்பெட் முனையில் பட்டால் போதும், உன் கொலாய்டு அதைப் பிடித்துக்கொள்ளும். கையுறைத் துண்டு ஒன்றை அசிட்டோனில் ஊறவைத்து, அந்த அசிட்டோனையே சாம்பிளாகப் பார்.

காவேரிப்பட்டணம் மாணவி

ஐயா, பார்த்தேன். கையுறைச் சாற்றில் 1380 உயரமாக நிற்கிறது. இனி முனைகளை இடுக்கியால் மட்டும் எடுப்பேன். மூன்று புது ப்ளாங்க் எடுத்தேன், மூன்றும் சுத்தம்.

தருமபுரி ஆய்வு மாணவர்

அறிக்கையில் ஒன்றை மறைக்காமல் எழுது. வெள்ளியில் ஒட்டும்போது தைரத்தின் நடுவில் உள்ள கந்தக இணைப்பு உடைந்து இரண்டாகிவிடும். ஜிராம் என்ற இன்னொரு பூஞ்சைக்கொல்லியிலிருந்து வருவதும் அதே பாதிதான். இந்த பீக்கை மட்டும் வைத்து எது என்று பிரிக்க முடியாது. "தைரம் வகை" என்று எழுதினால் சரி. மாந்தோலுக்குப் போகும்போது தோலின் நிறமும் மெழுகும் வெளிச்சம் போடும், 785 லேசரை விட்டு 532 நானோமீட்டர் லேசருக்கு மாறாதே.

காவேரிப்பட்டணம் மாணவி

சரி அண்ணா, அப்படியே எழுதுகிறேன். வீட்டுக்குப் பின்னால் மருந்தே அடிக்காத ஒரு மரம் இருக்கிறது. அதன் காயை ப்ளாங்காக வைத்து, அதே மரத்தின் இன்னொரு காயில் அளந்து தைரம் தடவப் போகிறேன். தோலை வெட்டிப் போடுவதா, பஞ்சில் ஒற்றி எடுப்பதா? செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், அப்பா நாளைக்குக் காலையில் காய் பறித்துத் தருகிறார்.