ஒரு தட்டுக்கு மூன்று: ட்ரிப்லெட் எழுதித் திணறிய அனுபவம்

ராயபுரத்தில் எங்கள் ஆலயப் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிப்பவன் நான். சென்ற கிறிஸ்துமஸுக்கு முன்னர், குழுவை நடத்தும் மாஸ்டர் தம் கையெழுத்தில் இருந்த நான்கு குரல் பாட்டு ஒன்றைக் கொடுத்து, அனைவரும் தடையின்றிப் படிக்கும்படி கணினியில் ஏற்றித் தரச் சொன்னார். பாட்டு 4/4 கணக்கில், அதாவது ஒரு பாருக்கு (இரு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவிலுள்ள பகுதி) நான்கு தட்டு என்று அமைந்தது. ஆனால் நடுவில் பன்னிரண்டு பார்களுக்கு ஆல்ட்டோவுக்கு (பெண்களின் தாழ்குரல்) மட்டும் ஒரு தட்டுக்கு மூன்று குவேவர் (வழக்கமாக அரைத் தட்டு நீளச் சுரம்), அதாவது ட்ரிப்லெட். விலையின்றிக் கிடைக்கிறது என்பதால் மியூஸ்ஸ்கோர் 4 என்ற, இசைக்குறி எழுதும் மென்பொருளை இறக்கிக்கொண்டேன்.

பெரம்பூரிலுள்ள நண்பர் ஒருவர் தொலைபேசியில் வழி சொன்னார்: "முதல் குவேவரைப் போட்டுட்டு, கண்ட்ரோலோட 3-ஐ அழுத்துப்பா, தானா வந்துடும்." அப்படியே செய்தேன். நான் போட்ட குவேவர் இருந்த இடத்திலேயே நின்றது. அதற்குப் பக்கத்தில் அரைத் தட்டுக்குள் மூன்று செமிகுவேவர்களுக்கு (குவேவரில் பாதி அளவு) இடம் பிறந்தது. சரி, முதலில் மூன்று குவேவர்களையும் எழுதிவிட்டு, அவற்றைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்து அதே விசைகளை அழுத்தலாம் என்று பார்த்தால், ஒவ்வொரு குவேவரும் தனித்தனி ட்ரிப்லெட்டாக உடைந்து, ட்ரிப்லெட்டைக் குறிக்கும் 3 என்ற எண் ஒன்றுக்குப் பதில் மூன்று இடங்களில் முளைத்தது. அன்றிரவு நான் சுரம் எழுதியதைவிட, எழுதியதை அழித்ததே அதிகம்.

மறுநாள் ஒத்திகையில் இதைச் சொல்லிப் புலம்பினேன். குழுவில் தபலா வாசிக்கும் பெரியவருக்கு மேற்கத்திய நொட்டேஷன் படிக்கத் தெரியாது; கணினியையும் அவர் தொட்டதில்லை. அவர் தொடையில் ஒரு தட்டுத் தட்டிக்காட்டி, "தட்டு எவ்ளோன்னு முதல்ல சொல்லு தம்பி, அப்புறம்தானே அதுக்குள்ள தகிட வைக்க முடியும்?" என்றார். தகிட என்பது மூன்று அடிச் சொற்கட்டு. என் பிழை அப்போதுதான் புரிந்தது. மியூஸ்ஸ்கோர் கேட்பது உள்ளே வரும் சுரத்தின் அளவை அல்ல. மூன்றும் சேர்ந்து நிரப்ப வேண்டிய மொத்த இடத்தின் அளவை. ஒரு தட்டு என்பது க்ராட்செட். ஆகவே முதலில் 5-ஐ அழுத்தி க்ராட்செட்டைத் தேர்ந்துகொண்டு, பிறகு கண்ட்ரோலுடன் 3-ஐ அழுத்தினால், அந்தத் தட்டு மூன்று குவேவர்களாகப் பிரிந்து நிற்கிறது. கண்ட நடைக்கு (தட்டுக்கு ஐந்து) தகதகிட வேண்டுமானால் அதே க்ராட்செட்டுடன் கண்ட்ரோல் 5. மிஸ்ரத்துக்கு (தட்டுக்கு ஏழு) கண்ட்ரோல் 7. நடை பழகியவர்களுக்கு இது புதிய பாடமே அல்ல. நண்பர் சொன்னதும் தவறில்லை என்பது பின்னர் தெரிந்தது: அவர் பயன்படுத்துவது சிபேலியஸ் என்ற வேறொரு மென்பொருள், அதில் முதல் சுரத்தை எழுதிய பின்னரே கண்ட்ரோல் 3 அழுத்த வேண்டும்.

இவ்வளவு தெரிந்த பிறகும் இரண்டாவது தட்டிலேயே மறுபடி இடறினேன். முதல் ட்ரிப்லெட் முடிந்ததும் மென்பொருள் குவேவரிலேயே நின்றுவிடுகிறது. ஒவ்வொரு முறையும் 5-ஐ மீண்டும் அழுத்தாவிட்டால் பழைய செமிகுவேவர் கூட்டமே வந்து சேரும். தவறாக வந்ததை நீக்கச் சுரங்களை ஒவ்வொன்றாக அழித்துப் பயனில்லை. மேலே உள்ள 3 என்ற எண்ணைச் சொடுக்கி டெலிட் அழுத்தினால், கூட்டம் முழுவதும் கலைந்து பழைய அளவுக்கு ஓர் ஓய்வுக்குறி வந்து உட்காரும்.

அச்செடுத்துக் கொடுத்ததும் இன்னொரு வேடிக்கை நடந்தது. என்னிடம் கீபோர்டு கற்கும் சிறுமி ஒருத்தி, பன்னிரண்டு பார்களிலும் தட்டுக்குத் தட்டு 3 இருப்பதைக் கண்டு, எல்லாவற்றையும் மூன்றாம் விரலாலேயே வாசிக்க முயன்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது; எந்த விரல் என்று காட்டும் எண்ணும் அதே இடத்தில்தான் வரும். பிறகு முதல் பாரில் மட்டும் எண்ணை விட்டுவைத்து, மற்றவற்றைப் பண்புகள் பலகத்தில் மறைத்துவிட்டேன்.

உண்மையில் என்னை அதிக நேரம் உட்கார வைத்தது கடைசிப் பகுதி. அங்கே இரண்டு தட்டுக்கு மூன்று க்ராட்செட். அதுவும் நான்காம் தட்டில் தொடங்கி அடுத்த பாருக்குள் முடிகிறது. பார்க் கோட்டைத் தாண்டும் ட்ரிப்லெட்டை மியூஸ்ஸ்கோர் ஏற்பதில்லை. டோரிகோ போன்றவை ஏற்கின்றன. இதற்காக இன்னொரு மென்பொருளை வாங்க எனக்கு மனமில்லை. எனவே நான்காம் தட்டில் ஒரு ட்ரிப்லெட் வைத்து அதற்குள் க்ராட்செட் ஒன்று, குவேவர் ஒன்று; அடுத்த பாரின் முதல் தட்டில் இன்னொரு ட்ரிப்லெட் வைத்து அதற்குள் குவேவர் ஒன்று, க்ராட்செட் ஒன்று என்று எழுதி, நடுவிலுள்ள இரு குவேவர்களையும் டை (இரண்டையும் ஒரே சுரமாக நீட்டி ஒலிக்கச் செய்யும் வளைகோடு) போட்டு இணைத்தேன். ஒலியில் மூன்றும் சம நீளமே.

மாஸ்டர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்த இடத்தை இரண்டு முறை தட்டிப் பார்த்தார். "நான் எழுதினதைவிட இதுவே இருக்கட்டும்," என்றார். "ஆல்ட்டோவுக்கு முதல் தட்டு எங்கேன்னு கண்ணுக்குத் தெரியுது."