பெங்களூரில் கார் இல்லாமல் குழந்தைகளோடு சனி, ஞாயிறு: எங்கே, எப்படி?

கேள்வி: கே.ஆர்.புரம் அம்மா

வணக்கம். பெண்ணுக்கு 5 வயது, பையனுக்கு 9. கே.ஆர்.புரத்தில் இருக்கிறோம். கார் கிடையாது, மெட்ரோவும் ஆட்டோவும்தான். மால், பிளே ஏரியா இரண்டும் வேண்டாம்.

அரை நாளில் போய்த் திரும்புகிற மாதிரி இடங்கள் வேண்டும். கூடவே நாடகம், பாட்டு, கைவேலை என்று ஏதாவது கண்ணில் பட்டால் நல்லது. பையன் இப்போதுதான் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். அதற்குத் தீனி போடுகிற இடம் ஊருக்குள் உண்டா? தேடினால் பன்னேர்கட்டா, வொண்டர்லா என்று பெயர்ப் பட்டியல்தான் வருகிறது. எத்தனை மணிக்குப் போகணும், எங்கே சொதப்பும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பர்ப்பிள் லைன் பயணி

கே.ஆர்.புரத்தில் ஏறினால் ரயில் மாறாமலே கப்பன் பார்க் ஸ்டேஷன். அந்த ஒரு ஸ்டேஷனை வைத்தே பல வாரம் ஓட்டலாம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைக்காதீங்க. ஒரு கட்டடம், ஒரு திறந்தவெளி, அதோடு வீடு. 5 வயதுக் குழந்தை அருங்காட்சியகத்துக்குள் ஒன்றரை மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் போனால் பெரியவனின் நேரமும் சேர்ந்து கெடும்.

முதல் வாரத்துக்குக் கஸ்தூர்பா ரோட்டில் இருக்கும் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகம். 1965இலிருந்து இருக்கிறது. கப்பன் பார்க் ஸ்டேஷனிலிருந்து சுமார் 1 கி.மீ. நடை. காலை 9.30க்குத் திறக்கும், அந்நேரமே வாசலில் இருங்க. 11 மணிக்கு மேல் கூட்டம் ஏறும். அங்கே பாதிப் பொருள்கள் பட்டனை அமுக்கினால் இயங்குகிறவை. கூட்டம் வந்துவிட்டால் ஒவ்வொரு பட்டனுக்கும் வரிசைதான், சின்னவள் அழ ஆரம்பிப்பாள். உள்ளே போனதும் என்ஜின் கூடத்தை முதலில் முடியுங்க. உள்பாகம் தெரிய வெட்டி வைத்த என்ஜின்களில் பிஸ்டன் ஏறி இறங்குவதைப் பார்க்கலாம். ரைட் சகோதரர்களின் விமானத்துக்கு முழு அளவு மாதிரியும் இருக்கிறது. மாடியிலிருக்கும் மின்சாரப் பகுதி 9 வயதுக்குச் சரி. சின்னவளுக்கு விளையாட்டு அறிவியல் பகுதி. இரண்டு பெரியவர்கள் போனால் இந்த இடத்தில் பிரிந்துகொள்ளுங்க.

வெளியே வந்ததும் கப்பன் பார்க்கில் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குள் வண்டி விடமாட்டார்கள், அதனால் குழந்தைகள் நடுரோட்டிலேயே ஓடலாம். சனிக்கிழமையைவிட ஞாயிறு மேல் என்று நான் சொல்வது இதற்காகத்தான். பூங்காவுக்குள்ளேயே இருக்கும் பால பவனின் குட்டி ரயிலைக் காட்டி மட்டும் முன்கூட்டியே ஆசை காட்டாதீங்க. மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற காலங்கள் உண்டு. ஓடினால் லாபம்.

அடுத்த முறை அதே ரோட்டில் அரசு அருங்காட்சியகம். பராமரிப்புக்காக மூடியிருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்க. முழுக்கச் சுற்ற வேண்டியதே இல்லை. ஆதகூர் நடுகல்லைத் தேடி நேராகப் போங்க. காளி என்ற வேட்டை நாய் காட்டுப்பன்றியோடு மோதிச் செத்ததற்காக நட்ட கல் அது. மேலே நாயும் பன்றியும் மல்லுக்கட்டுகிற சிற்பம், அதைச் சுற்றி எழுத்து. அதே கல் 949இல் நடந்த தக்கோலப் போரையும் சொல்கிறது. அரக்கோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அதே தக்கோலம்தான். பராந்தக சோழன் மகன் ராஜாதித்தன் யானைமேல் உயிர்விட்ட போர். சின்னவளுக்கு நாய்க்கதை, பெரியவனுக்குப் போர்க்கதை. வீட்டிலேயே கதையைச் சொல்லிவிட்டு, "அந்தக் கல்லைக் கண்டுபிடி" என்று உள்ளே விட்டால் இருபது நிமிடம் சத்தமில்லாமல் தேடுவார்கள்.

கோளரங்கம் மூன்றாவது. கன்னடம், ஆங்கிலம் என்று தனித்தனிக் காட்சி, டிக்கெட் வாங்கும்போதே மொழியைப் பார்த்து வாங்குங்க. காட்சி தொடங்கிய பிறகு போய் நின்றால் உள்ளே போவது கஷ்டம்.

இந்த மூன்றில் இரண்டுக்குத் திங்கள்கிழமை ஆபத்து. லாங் வீக்கெண்டில் திங்கள் லீவு என்று கிளம்புகிறவர்கள் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்கள். அரசு அருங்காட்சியகமும் கோளரங்கமும் அன்று விடுமுறை.

பதில்: அல்சூர்வாசி

தமிழ் எழுத்து கேட்டீர்களே, அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். பெங்களூரில் பலர் கவனிக்காத விஷயம் இது.

தொம்மலூர் சொக்கநாதர் கோயிலுக்குப் பையனைக் கூட்டிக்கொண்டு போங்கள். பெயரைக் கேட்டு சிவன் கோயில் என்று நினைப்பார்கள், பெருமாள் கோயில்தான். அங்கே 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. இந்திராநகர் மெட்ரோவில் இறங்கி ஆட்டோ. காலை 8லிருந்து 10க்குள் போங்கள். நடை சாத்துவதற்கு முன் நிதானமாகப் பார்க்கலாம், வெயிலும் சாய்வாக இருக்கும். கல்வெட்டைப் படிக்க உச்சிவெயில் ஆகவே ஆகாது. நேர் வெளிச்சத்தில் எழுத்தின் பள்ளம் தெரியாமல் கல் மொட்டையாகத் தெரியும்.

கையில் வேண்டியது ஒரு டார்ச், ஒரு குடை, பென்சில், கட்டம் போட்ட நோட்டு. பெரியவர் ஒருவர் குடையால் நிழல் கட்டட்டும். பையன் டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடிக்கட்டும். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். இடப்பக்கமிருந்து ஒரு முறை, மேலிருந்து ஒரு முறை அடித்துப் பாருங்கள். ஒரு பக்க வெளிச்சத்தில் தெரியாத கோடு மறுபக்கத்தில் தெரியும். போனில் படம் எடுப்பதானாலும் இரண்டு கோணமும் எடுங்கள்.

முழு வரியைப் படிக்கச் சொல்லாதீர்கள், பையன் அன்றே வெறுத்துவிடுவான். ட, ப, ம, ய, வ இந்த ஐந்தை மட்டும் தேடச் சொல்லுங்கள், இன்றைய வடிவுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும். கிடைத்ததை நோட்டில் வரையட்டும். தடுமாறுகிற இடம் எது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். பழைய கல்வெட்டில் பெரும்பாலும் புள்ளி வைக்கமாட்டார்கள், அதனால் "க்"கும் "க"வும் ஒன்றுபோல இருக்கும். எகர ஏகாரத்துக்கும், ஒகர ஓகாரத்துக்கும் கொம்பில் வித்தியாசம் கிடையாது. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை. இடையிடையே கிரந்த எழுத்து வரும். கல்வெட்டுகள் வழக்கமாக "ஸ்வஸ்திஸ்ரீ" என்று தொடங்கும், ஆகவே முதல் வேலையாக "ஸ்ரீ"யைப் பிடிக்கச் சொல்லலாம். சில இடத்தில் சுண்ணாம்பும் பெயிண்டும் எழுத்தை அடைத்திருக்கும். அந்தத் துண்டை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

எழுத்து தெரியவேண்டுமென்று சாக்பீஸ், மாவு, எண்ணெய், தண்ணீர் எதையும் தயவுசெய்து பூசாதீர்கள். சுரண்டவும் கூடாது. சாக்பீஸ் கோடு தப்பாகப் போனால் அடுத்து வருகிறவர் அந்தத் தப்பையே படிப்பார், கல்லின் மேல்தோலும் தேயும். அர்ச்சகரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, சன்னிதிப் பக்கம் காமிராவைத் திருப்பாமல் இருந்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். நகரத்துக் கல்வெட்டுகளை மிதிக் சொசைட்டி என்ற வரலாற்று ஆய்வு அமைப்பு முப்பரிமாண ஸ்கேன் செய்து வருகிறது. பையனுக்கு ஆர்வம் பிடித்துவிட்டால் அவர்கள் வேலையைத் தேடிக் காட்டுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் படத்தை ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்து, மேலே டிரேஸிங் பேப்பர் வைத்து எழுத்தைப் பின்பற்றி வரையச் சொல்லுங்கள். பாதி எழுத்து அப்போதுதான் பிடிபடும். இதில் சின்னவளும் சேர்ந்துகொள்வாள்.

இன்னொரு ஞாயிறு அல்சூருக்கு வாருங்கள். சோமேஸ்வரர் கோயில், அப்புறம் ஏரிக்கரை, திருவள்ளுவர் சிலை. 18 ஆண்டு மூடியே கிடந்து 2009 ஆகஸ்ட் 9 அன்று திறந்த சிலை. அந்த வாரமே சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறந்தது. குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகும்போது இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. பக்கத்திலேயே தமிழ்ச் சங்கம், அங்கே நூலகம் உண்டு. குழந்தைகளுக்கான வகுப்பு, போட்டி எல்லாம் அப்போதைக்கப்போது மாறும், அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.

பதில்: ஜே.பி.நகர் ஆசிரியை

ஒரு சின்ன மறுப்பு. கோளரங்கம் 5 வயதுக்கு வேண்டாம். திடீர் இருட்டு, தலைக்கு மேல் பெரிய சத்தம். பயந்துவிட்டால் நடுவில் எழுந்து வெளியே வருவதும் சிரமம். ஒருவர் பையனோடு உள்ளே போகட்டும். மற்றவர் சின்னவளோடு வெளியே இருக்கும் அறிவியல் பூங்காவில் இருக்கட்டும், ஊஞ்சல் மாதிரி ஆடவும் இழுக்கவும் நிறைய இருக்கிறது.

நாடகத்துக்கு ரங்க சங்கரா, ஜே.பி.நகர், 2004இலிருந்து நடக்கிறது. குழந்தைகளுக்கென்றே அஹா என்ற தனித் திட்டம் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு நாடகத்துக்கும் வயது வரம்பு போட்டிருக்கும், அதைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். நேரம் தாண்டினால் கதவு திறக்காது, டிக்கெட் கையில் இருந்தாலும்தான். கே.ஆர்.புரத்திலிருந்து மெஜஸ்டிக்கில் கிரீன் லைன் மாறி, இறங்கி ஆட்டோ பிடித்து வர வேண்டும். ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். மொழி பிரச்சினை ஆகுமோ என்று யோசிக்க வேண்டாம். பொம்மலாட்டம், முகமூடி, உடலசைவு நாடகங்கள் பேச்சே இல்லாமலும் வரும். முதல் நாடகம் அப்படி ஒன்றாக இருக்கட்டும்.

ஜே.பி.நகர் 7ஆவது பேஸில் இந்திய இசை அருங்காட்சியகம், 2019இல் திறந்தது. உள்ளே ஹெட்போன் போட்டுக் கேட்கிற பகுதிகள் பெரியவனுக்கு. சின்னவளுக்கு வெளியே இருக்கும் ஒலித் தோட்டம்தான் விருந்து. கல்லையும் உலோகத்தையும் தட்டி ஸ்வரம் எழுப்பலாம். வெயில் ஏறினால் உலோகம் சுடும், தோட்டத்தை முதலில் முடித்துவிட்டு உள்ளே போங்கள். இதற்கும் திங்கள் விடுமுறை.

கே.ஆர்.புரம் அம்மா

ரொம்ப நன்றி, எல்லாருக்கும். டார்ச், குடை குறித்துக்கொண்டேன். ஊருக்கு வெளியே ஒரு முழு நாள் போவதானால் எது? சின்னவளுக்கு பஸ்ஸில் வாந்தி வரும், அதனால் நந்தி மலை வேண்டாம்.

பதில்: பர்ப்பிள் லைன் பயணி

சென்னபட்னா, அரக்குப் பூசிய மரப் பொம்மைக்குப் பேர்போன ஊர். ரயிலிலேயே போகலாம், மலைவளைவு கிடையாது. மெட்ரோவில் மெஜஸ்டிக்கில் இறங்காமல் அடுத்த ஸ்டேஷனில் இறங்குங்க, அது சிட்டி ரயில் நிலையத்துக்கென்றே இருக்கிறது. அங்கிருந்து மைசூர் பக்கம் போகும் மெமு பாசஞ்சர் ரயில். சுமார் 60 கி.மீ.

சனிக்கிழமை போங்க. ஞாயிறு லீவு விடும் பட்டறைகள் உண்டு, கடையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதில் அர்த்தமில்லை. பார்க்க வேண்டியது கடைசல் வேலை, அதாவது மரத்தைச் சுழலவிட்டுச் செதுக்குவது. நன்றாக உலர்ந்த வெட்பாலை மரத்தைக் கடைசல் இயந்திரத்தில் மாட்டிச் சுற்றவிட்டு, உளியால் உருட்டி, உப்புத்தாள் போட்டு மழமழவென்று ஆக்குவார்கள். பிறகு நிறம் சேர்த்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் அழுத்துவார்கள். உராய்கிற சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் ஏறிக்கொள்ளும், தூரிகையே கிடையாது. கடைசியில் தாழை ஓலையை மடித்து அழுத்திப் பிடித்தால் பளபளப்பு. குழந்தைகளைக் கடைசல் இயந்திரத்திலிருந்து இரண்டு எட்டுத் தள்ளி நிறுத்துங்க, மரச்சீவல் கண்ணுக்குத் தெறிக்கும். துப்பட்டா, நீளத் தாவணியை முடிந்துகொள்ளுங்க.

வாங்கும்போது பொம்மையின் நடுவில் ஒட்டுக்கோடு ஓடுகிறதா என்று பாருங்க, இருந்தால் அது அச்சில் வார்த்த பிளாஸ்டிக். வீட்டில் அரக்குப் பொம்மையைச் சானிடைசர் போட்டுத் துடைக்காதீங்க. அரக்கு ஆல்கஹாலில் கரையும், பளபளப்பு போய்ப் பிசுபிசுக்கும். ஈரத்துணி போதும்.

மதியத்துக்கு மேல் ஆட்டோ பிடித்து ராமநகர் பக்கம் ஜானபத லோகா. கிராமத்துப் பாத்திரம், ஏர், இசைக்கருவி, தோல்பாவை என்று பெரிய சேகரிப்பு. அங்கிருந்து ராமநகர் ஸ்டேஷன் பக்கம்தான், திரும்பும் ரயிலை அங்கேயே பிடியுங்க. சென்னபட்னாவுக்குத் திரும்பி ஓட வேண்டாம்.

பதில்: பசவனகுடிக்காரர்

கடலெக்காய் பரிஷெயை, அதாவது வேர்க்கடலைத் திருவிழாவை, யாரும் சொல்லவில்லையே. புல் டெம்பிள் ரோடு முழுக்க வேர்க்கடலைக் குவியல், ராட்டினம், மண் பொம்மை. நேஷனல் காலேஜ் மெட்ரோவிலிருந்து நடந்தே வரலாம். கார்த்திகை கடைசித் திங்கள்கிழமை என்பார்கள், ஆனால் நம் தமிழ் நாள்காட்டியைப் பார்த்து வந்தால் பல வருடம் பரிஷெ முடிந்திருக்கும். கன்னடக் கார்த்திகம் தீபாவளி அமாவாசைக்கு மறுநாள் தொடங்கி அடுத்த அமாவாசையில் முடிகிறது, அதற்குள் வரும் கடைசித் திங்கள்தான் கணக்கு. குழந்தைகளோடு திங்கள் மாலை வரவே வேண்டாம், நெரிசல் தாங்காது. அதற்கு முந்தின சனி, ஞாயிறே கடைகள் வந்துவிடும். ஞாயிறு காலை 8 மணிக்கு வாருங்கள். சின்னவள் சட்டைப்பையில் உங்கள் போன் நம்பர் எழுதிய சீட்டு ஒன்று இருக்கட்டும்.

லால்பாகுக்கு மலர்க்காட்சி இல்லாத வாரமாகப் பார்த்துப் போங்கள். ஜனவரி 26, ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய வாரங்களில் கண்ணாடி மாளிகைப் பக்கம் குழந்தைக்கு மனிதர் முதுகுதான் தெரியும். மற்ற நாளில் லால்பாக் மெட்ரோவில் இறங்கி, அந்தப் பக்கத்து வாசல் வழியே உள்ளே போய், சுமார் 300 கோடி ஆண்டுப் பழைய பாறைமேல் ஏறலாம். கெம்பேகவுடா கோபுரம் இருப்பது அதன் மேல்தான். உள்ளே கல்லாகிப்போன மரத்துண்டு ஒன்றும் கிடக்கிறது. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையிலிருந்து வந்தது, 2 கோடி ஆண்டு வயது. பாறையில் கைப்பிடி கிடையாது, மழை பெய்த அன்று வழுக்கும். ரப்பர் செருப்போடு ஏறவிடாதீர்கள், ஷூ போட்டுக் கூட்டி வாருங்கள்.