ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350ல ஃபுட்பெக்கை (கால் வைக்குற கம்பி) பின்னாடி தள்ளலாமா?

கம்பம்_ரைடர்: அண்ணன்மாரே, தினம் கம்பத்துல இருந்து குமுளி மலை ஏறி வண்டிப்பெரியார் பக்கம் தோட்டத்துக்கு போயிட்டு வரணும், ஃபுட்பெக் முன்னாடி இருக்குறதால போய் சேர்றதுக்குள்ள இடுப்பு கழண்டுருது. ரியர்செட் (பெக்கை பின்னாடி தள்ளி வைக்குற கிட்) போட்டா சரியாகுமா?

ஏலக்காய்77: தம்பி ரியர்செட் வேணாம், அது கான்டினென்டல் ஜிடி மாதிரி குனிஞ்சு ஓட்டுற வண்டிக்கு. உங்க ஹேண்டில்பார் உசரத்துக்கு காலை மட்டும் பின்னாடி மடக்குனா அடுத்து முட்டி புடிச்சுக்கும். கால் நீட்டி உக்காந்தா வெயிட் பூரா வால் எலும்புல இறங்குது, குழி வந்தா பெக்ல அழுத்தி எந்திரிக்கவும் முடியாது, அதான் வலி. கிளாசிக் 350 ஒருநாள் ஓட்டிப் பாருங்க, பெக் நடுவாப்புல இருக்கும்.

ஸ்பேனர்_மணி: வண்டிய மாத்த சொல்றது ஈஸி அண்ணே 😄 மொதல்ல பிரேக் பெடல், கியர் லீவரைப் பாருங்க. பூட்ஸ் போட்டு பெக்ல காலை வச்சா பிரேக் பெடல் பாதத்துக்கு கீழயே வரணும், பாதத்தை தூக்கியே வச்சிருந்தா முன்னங்கால் இழுக்கும். பெடல் உசரத்தை கொஞ்சம் இறக்கலாம், ஆனா ஃப்ரீ ப்ளே (பிரேக் புடிக்குறதுக்கு முன்னாடி பெடல் சும்மா இறங்குற அளவு) இருக்கா, பிரேக் லைட்டு கரெக்டா எரியுதான்னு பாக்காம மலை இறங்காதீங்க. ஹீல் லீவர் (குதிகாலால அழுத்தி கியர் மாத்துறது) குதிகால்ல இடிச்சா டோ லீவர் (கால் விரல் பக்கம் இருக்குறது) மட்டும் உள்ளது மாத்தலாம், கால் நகத்த இடம் கெடைக்கும்.

கம்பம்_ரைடர்: ஹீல் லீவர் இடிக்கத்தான் செய்யுது ணே. குமுளி செக்போஸ்ட் தாண்டுனா கேரளா எம்விடி (மோட்டார் வாகனத் துறை) புடிப்பாங்களா?

ஸ்பேனர்_மணி: லீவரை பெருசா கண்டுக்க மாட்டாங்கன்னு நெனைக்கிறேன், சைலன்சர்ல கை வைக்காதீங்க.