ஓங்கலா, பேர்வா: அடி விழுமுன் உள்ள நேரத்துக்கு ஒரு சொல்

> நம் சண்டை வீடியோ கேமுக்கான தமிழ்ச் சொற்களில், எதிரி ஆயுதத்தைத் தூக்கும் கட்டத்துக்கு, அதாவது 'வைண்ட்-அப்' என்பதற்கு, 'தாக்குதல் முன்னசைவு' என்று போட்டிருக்கிறேன். போதுமா ஆச்சி?

பொருள் சரி தம்பி, சொல்தான் கனம். பயிற்சித் திரையில் அந்தப் பெட்டிக்கு, இடைவெளியையும் சேர்த்து, ஒன்பது எழுத்துக்கே இடம். 'தாக்குதல் முன்ன' என்று அறுந்து நிற்கும். அதோடு, ஆட்டத்தின் நடுவில் எவனும் "முன்னசைவு!" என்று கத்தப்போவதில்லை. "டேய், ஓங்குறான்!" என்றுதான் வாயில் வரும். கையை ஓங்கினான், கத்தியை ஓங்கினான் என்கிறோம். அடி இன்னும் விழவில்லை, ஆனால் விழப்போகிறது என்பது அந்த ஒரு வினைக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே ஓங்கல். அதன் பின் அடி படும் கட்டம் வீச்சு. ஆயுதம் பழைய நிலைக்குத் திரும்பும் கட்டம் மீட்சி.

நம் அட்டவணையில் கோடரிக்காரனுக்கு ஓங்கல் 30 ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம்), வீச்சு 4, மீட்சி 36. நொடிக்கு 60 ஃபிரேம் ஓடினால் ஓங்கல் அரை நொடி. கண் பார்த்துக் கை பொத்தானை அழுத்த ஏறக்குறைய கால் நொடி ஆகும், அதாவது 15 ஃபிரேம். ஓங்கல் அதற்கும் கீழே போனால் பார்த்துத் தடுக்க முடியாது, நேரத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

> ஆச்சி, இரண்டு தடை. ஒன்று, ஓங்கல் என்றால் மலை. காரைக்குடியில் தமிழ் படித்தவர் யாரிடம் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். இரண்டு, கை இல்லாத எதிரி எதை ஓங்கும்? மஞ்சுவிரட்டுக் காளை தலையைத் தாழ்த்தித்தான் பாய்கிறது. புலி பதுங்குகிறது. 486-ஆம் குறளில் சண்டைக்கடா தாக்குவதற்காகப் பின்வாங்குவதைப் 'பேரும்' என்று சொல்லியிருக்கிறது. 'பேர்வு' என்று வைத்தால் என்ன?

பேர்வு நல்ல சொல். ஆனால் இன்றைக்குக் காதில் 'பெயர்வு' என்று விழும், இடப்பெயர்வு நினைவுக்கு வரும். மலையைப் பற்றிக் கவலை வேண்டாம். கோடரிக்காரன் தலைக்கு மேல் 'ஓங்கல்' என்று மின்னும்போது மலையைத் தேடுகிறவன் எப்படியும் அடி வாங்குவான்.

காளை விஷயம் நியாயமானது. ஆனால் நிரலில் அந்தக் கட்டத்துக்கு ஒரே பெயர்தான், ஆளுக்கும் விலங்குக்கும் பொது. நாற்காலியின் கால் நடப்பதில்லை, அதைக் கால் என்று சொல்லாமலா இருக்கிறோம்? பெட்டியில் ஓங்கல் இருக்கட்டும். விலங்குக் குறிப்பேட்டில் புலிக்குப் பதுங்கலும் கடாவுக்குப் பேர்வும் தாராளமாக எழுதுங்கள், அங்கே இடம் கிடக்கிறது. வில்லுக்கு மட்டும் 'நாணேற்றல்' எழுதிவிடாதீர்கள். அது வில்லில் நாணைப் பூட்டுவது. அம்போடு நாணைப் பின்னுக்கு இழுப்பது வேறு, அதை 'நாண் இழுப்பு' என்றே விடலாம்.

சிலம்பக் கம்பும் சற்று வேறு மாதிரி. முதல் அடிக்குத்தான் ஓங்கல் தெளிவாகத் தெரியும். கம்பு சுழல ஆரம்பித்துவிட்டால் ஒரு வீச்சின் மீட்சியே அடுத்ததின் ஓங்கல்.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. 'பிளாக்', 'பேரி' இரண்டுக்கும் 'தடுப்பு' என்றே போட்டிருக்கிறீர்கள். முதலாவது கேடயத்தில் அடியைத் தாங்குவது, தெம்பு குறையும். மற்றது வரும் ஆயுதத்தைத் தட்டிவிட்டு எதிரியை நிலைகுலைய வைப்பது. தாங்கல், தட்டல் என்று பிரியுங்கள்.

இனி அந்தப் பயிற்சி வரி: 'எதிரி ஓங்கும்போது தட்டு'. இது ஆட்டக்காரனைக் கொல்லும் வரி. தட்டலுக்குப் பொத்தானை அழுத்தியதும் கேடயம் கிளம்பவே 3 ஃபிரேம். பிறகு 8 ஃபிரேம் மட்டுமே அது பலிக்கும். கோடரி விழுவது 31-ஆவது ஃபிரேமில். அப்படியானால் 21 முதல் 28 வரைக்குள் அழுத்தியாக வேண்டும். 'ஓங்கும்போது' என்று படித்தவன் கை மேலே போன உடனே, 16-இலோ 17-இலோ, அழுத்துவான். கேடயம் வந்து போய்விடும், கோடரி நிதானமாகத் தோளில் இறங்கும். ஆட்டத்தைக் குறை சொல்வான், தப்பு நம் வாக்கியத்தில். 'ஓங்கிய கை இறங்கத் தொடங்கும்போது தட்டு' என்று மாற்றுங்கள். உச்சியில் நிறுத்தி ஏமாற்றும் எதிரிக்கும் அதே வரி பொருந்தும்.

> மாற்றிவிட்டேன் ஆச்சி. மீட்சிக்கு 'எதிரியின் மீட்சியில் குத்து' என்று எழுதலாமா?

எழுதலாம், எண்ணிக்கையையும் சேர்த்து. குறுவாளுக்கு ஓங்கல் 9, வீச்சு 3, மீட்சி 12, ஆக 24 ஃபிரேம். கோடரிக்காரன் மீட்சி தொடங்கியதுமே குத்த ஆரம்பித்தால் இரண்டாவது குத்து அங்கிருந்து 34-ஆவது ஃபிரேமில் பட்டுவிடும். மூன்றாவதும் 58-இல் படும், அதில்தான் ஆசை வருகிறது. ஆனால் அவன் 36 முடிந்ததும் மறுபடி ஓங்கிவிடுகிறான், கோடரி 67-இல் வந்துவிடும். நம் மூன்றாவது மீட்சியோ 72 வரை, உருண்டு தப்பவும் முடியாது. இரண்டோடு விலகச் சொல்லுங்கள்.

வளைந்த எறி ஆயுதமான வளரிக்கு எறிதூரம் 15 மீட்டர் என்று போட்டிருப்பது நம் சிவகங்கைச் சீமைக்கு அடுக்காது. சின்ன மருதுவிடம் அதை எறியப் பழகிய ஆங்கிலேயப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், 1830-இல் அச்சான தம் நினைவுக்குறிப்பில், தேர்ந்த கையில் 100 கஜத்துக்குள் குறி தப்பாது என்கிறார். அது 91 மீட்டர். ஆட்டத்தின் சமநிலைக்காகக் குறைத்தது என்றால் குறிப்புரையில் 'அருகில் எறியும் ஆயுதம்' என்ற சொற்களையாவது எடுத்துவிடுங்கள்.

> எடுத்துவிடுகிறேன். இன்னொரு பிழை: 'வாள்ஐ எடு' என்று திரையில் வருகிறது.

பெயரையும் உருபையும் நிரல் தனித்தனியே ஒட்டுவதால் வரும் பிழை. ஒவ்வொரு ஆயுதத்துக்கும் வாள், வாளை, வாளால் என்று மூன்று வடிவமும் அட்டவணையிலேயே கொடுத்துவிடுங்கள். ஈட்டி, ஈட்டியை, ஈட்டியால். வேல், வேலை, வேலால். இதில் 'வேலை எடு' மட்டும் வேறு மாதிரி கேட்கும், அந்த இடத்தில் 'வேல் எடு' போதும்.