தொழிற்பயிற்சியில் அப்ரிஷியேட்டிவ் இன்கொயரி: வடிவமைப்புக் கட்டத்துக்கு யோசனை தேவை

வணக்கம். வெல்டிங், எலக்ட்ரீசியன் பயிற்சிகளை மேம்படுத்த இந்த முறையைக் கையாள்கிறோம். 1987-இல் மேலாண்மை ஆய்வாளர்கள் கூப்பர்ரைடரும் ஸ்ரீவஸ்தவாவும் முன்வைத்தது. "குறை என்ன?" என்று தொடங்காமல், நன்றாக நடந்தது எது, ஏன் நடந்தது என்று தோண்டுவதுதான் சாரம். கண்டறிதல் (நன்றாக நடந்ததைக் கேட்டறிவது), கனவு (எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வது), வடிவமைப்பு (அதை நடைமுறைத் திட்டமாக்குவது), நிலைநிறுத்தல் (செயல்படுத்தித் தொடர்வது) என நான்கு கட்டங்கள்.

கண்டறிதலில் மாணவர்கள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஆளுக்கு 20 நிமிடம் ஒருவரையொருவர் கேட்கிறார்கள். கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. "பயிற்சி எப்படி?" என்றால் "நல்லாத்தான் இருக்கு" என்பதோடு முடிந்துவிடும். "வெல்டிங் கோடு முதல்முறை சீராக விழுந்த அன்று பக்கத்தில் யார் நின்றார், என்ன செய்தார்?" என்று கேட்டால், பயிற்றுநர் கையைப் பிடித்து நகர்த்தும் வேகத்தைக் காட்டியது வரை வெளியே வரும். மதிப்பெண் போடுபவர் மட்டும் கேட்கவே கூடாது, பதில் முகத்துதியாகிவிடும்.

புகாரையும் அடக்கக் கூடாது. "மெஷின் பாதி நாள் ஓடாது" என்று ஒருவர் சொன்னால் அதைத் தனியே குறித்து, பழுதுபார்க்க அனுப்ப வேண்டும். இதை நேர்மறைப் பேச்சால் மூடினால் மாணவர்களின் நம்பிக்கை போய்விடும்.

சிக்கல் மூன்றாம் கட்டத்தில். கனவு "திறமையான தொழிலாளர்கள்" என்ற பொதுவாசகமாக நின்றுவிடுகிறது. கால அட்டவணைக்குள் இறங்குவதில்லை. கையைப் பிடித்துக் காட்டும் அந்த நேரத்தை 25 பேர் உள்ள வகுப்பில் எப்படி ஒதுக்குகிறீர்கள்? பயிற்சியைப் பாதியில் விட்டவர்களிடம் கேட்க என்ன கேள்விகள் வைத்திருக்கிறீர்கள்? செய்து பார்த்தவர்கள் உங்கள் கேள்வித்தாளையும் மாற்றிய அட்டவணையையும் பகிர்ந்தால் பெரிய உதவி.